ஒலிம்பிக் பூங்காவில் நாற்பத்தாறு எட்டு

ஜூன் 3, திங்கள்

மகன் நெல்லையப்பனுக்கு ஆபீஸில் கொடுத்த டைரி இது. ஐந்து மாதம் சும்மா கிடந்தது. "எழுதும்மா, பொழுது போவும்" என்று நீட்டினான். எனக்கா பொழுது போகவில்லை? சமையல், துணி, அவருக்கு மாத்திரை, அவருக்குக் குளியல், அவருக்கு அது, அவருக்கு இது. சரி, பிள்ளை ஆசையாகக் கொடுத்தது. எழுதுகிறேன்.

மகனையும் மருமகள் சுகந்தியையும் பார்க்க மார்ச்சில் அட்லாண்டா வந்தோம். ஏப்ரல் பத்தொன்பதாம் தேதி காலையில் பல் தேய்த்துக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். இடது கை, இடது கால். பேச்சும் ஒரு மாதம் குழறியது. இப்போது சரியாகிவிட்டது, என்னைத் திட்டும்போது ஒரு எழுத்துகூடப் பிசகுவதில்லை.

நடைப் பயிற்சி கொடுக்க டெனிஸ் என்று ஒரு அம்மாள் திங்களும் வியாழனும் வருகிறாள். கறுத்த, ஆகிருதியான உடம்பு, ஐம்பது வயதிருக்கும். வீட்டுக்குள்ளேயே சுற்றியது போதும், வெளியே போவோம் என்று இன்று கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு தெரு தள்ளி, ஊருக்கு நட்டநடுவில், பெரிய பூங்கா. தொண்ணூற்றாறில் இங்கே ஒலிம்பிக் நடந்தபோது அதற்காகவே கட்டியதாம். தரையில் ஐந்து வளையமாக நீரூற்று. தண்ணீர் திடீர் திடீரென்று பூமியிலிருந்து பீறிடுகிறது, அதற்குள் பிள்ளைகள் ஓடுகின்றன.

அவர் பெஞ்சில் உட்கார்ந்து, "ஓட்டப் பந்தயம் ஓடின எடத்துல மொண்டியக் கொண்டாந்து நிறுத்திட்டாளே" என்றார். இங்கே யாரும் ஓடவில்லை, இது கூட்டம் கூடுகிற இடம் என்று டெனிஸ் சொன்னதை நான் சொன்னேன். பத்து எட்டு நடந்தார். வலது கையில் நாலு கால் கம்பு, இடது பக்கம் நான்.

ஜூன் 6, வியாழன்

இன்று பெரிய கூத்து.

பூங்காவின் தரையெல்லாம் செங்கல் பாவியிருக்கிறது. குனிந்து பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் ஒரு பெயர். ஒலிம்பிக் சமயத்தில் ஜனங்கள் தங்கள் பெயர் வெட்டிய கல்லை வாங்கிப் பதிக்கச் செய்தார்களாம். போன தடவை இவர் அதைக் கவனிக்கவில்லை. இன்று கவனித்துவிட்டார். அவ்வளவுதான், தூக்கிய காலைக் கீழே வைக்க மாட்டேன் என்கிறார்.

"எழுத்த மிதிக்கச் சொல்லுதாளா? மனுசன் பேரு கெடக்கு!"

தெரியாமல் ஒரு கல்லில் கால் பட்டுவிட்டது. தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும், ஒரு கை விளங்கவில்லை, இன்னொரு கையில் கம்பு. "ஏட்டி, நீ தொட்டுக் கும்புடு" என்றார். கும்பிட்டேன். அடுத்த எட்டு, அடுத்த பெயர். மறுபடி குனிந்தேன். மூன்றாவது தடவை குனிந்தபோது எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பதறி டெனிஸ் என் இடுப்பைப் பிடித்துவிட்டாள்.

விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. நல்லவள். இன்னொரு பாதை இருக்கிறது, அதில் போகலாம் என்றாள். அந்தப் பாதை எனக்குப் பிடிக்கவில்லை, நிழல் கிடையாது. அதனால் அவரிடம் இப்படிச் சொன்னேன்: "நம்மூரு கோயில்ல உபயம் செஞ்சவுக பேரத் தரையில வெட்டி வச்சிருக்கும்லா, நாலு பேரு காலடி படட்டும், புண்ணியம்னு? இதுவும் அப்படித்தானாம். மிதிக்கதுக்குத்தான் போட்டதாம். டெனிஸ் சொல்லுதா."

டெனிஸ் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டு, மிதித்து நடந்தார். பதினெட்டு எட்டு.

இதையே நானாகச் சொல்லியிருந்தால் "பெரிய மயிரக் கண்டா" என்றிருப்பார்.

ஜூன் 7, வெள்ளி

வாஷிங் மெஷினில் அவர் வேட்டியோடு சுகந்தியின் சிவப்புச் சட்டை போய்விட்டது. ரோஸ் வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மருமகள் மேல் குற்றம் சொல்லவில்லை. ஆச்சரியம்.

ஜூன் 11, செவ்வாய்

டெனிஸ் வராத நாளிலும் போகிறோம். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் கிளம்பிவிடுகிறோம். அவருடைய இடது கை என் கைக்குள். அவர் தோள் என் தோளில் இடிக்கும். இத்தனை நாளும் எனக்குத் தெரியாத ஒன்றை இன்று கண்டுகொண்டேன்: அவரைவிட நான் ரொம்ப உயரம் குறைவு என்று நினைத்திருந்தேன். இரண்டு விரல்கடைதான் வித்தியாசம். பக்கத்தில் நின்று பார்த்ததில்லை.

நடந்துகொண்டே கேட்டார், "டெலிபோன் ஆபீஸ்ல நீ என்ன வேலை பாத்த?"

முப்பது வருஷம் அந்த வேலை பார்த்தேன். என் சம்பளத்தில்தான் மாடி எடுத்தோம். இன்றைக்குக் கேட்கிறார்! எரிச்சலோடுதான் ஆரம்பித்தேன், பிறகு சொல்லச் சொல்ல எனக்கே சுவாரசியமாகிவிட்டது. வெளியூருக்கு டிரங்க் கால் போட்டுப் பேசிய காலத்தில் லைன் சரியில்லை என்றால் ஒரு முனையில் சொல்வது மறு முனையில் கேட்காது. நடுவில் இருக்கிற நான் இரண்டு பக்கமும் கேட்டு எடுத்துச் சொல்ல வேண்டும். "பிள்ளை பிறந்திருக்காம். ஆம்பளப் பிள்ளையாம்." "அப்பா போயிட்டாராம், உடனே கிளம்பணுமாம்." எத்தனை வீட்டுச் சந்தோஷத்தையும் சாவையும் நான் சொல்லியிருக்கிறேன். ஒரு வார்த்தை கூட்டியதில்லை, குறைத்ததில்லை. அதனால்தான் டெனிஸின் இங்கிலீஷும் எனக்கு விளங்குகிறது; எந்தக் கட்டைக் குரலும் இந்தக் காதுக்குப் பழக்கம்.

அவர் நின்று கேட்டார். நடுவில் ஒரு தடவைகூட "சரி சரி" என்று வெட்டவில்லை.

ஜூன் 13, வியாழன்

முப்பது எட்டு. டெனிஸ் கை தட்டினாள். பிறகு என்னிடம், இனிமேல் நீ அவர் கையைப் பிடிக்காதே, கம்பு போதும், கால் பலமாகிவிட்டது, நீ பிடிப்பதால்தான் உன் மேல் சாய்கிறார் என்றாள். தானாக நூறு எட்டு நடந்துவிட்டால் ஊருக்கு டிக்கெட் போடலாம், தானே டாக்டரிடம் சொல்வதாகவும் சொன்னாள்.

"என்ன சொல்லுதா?" என்றார்.

என் கையை விடக் கூடாது என்கிறாள் என்றேன்.

பத்திரத்துக்குத்தான் அப்படிச் சொன்னேன். கீழே விழுந்து வைத்தால் யார் பார்ப்பது?

ஜூன் 17, திங்கள்

டெனிஸ் கையை ஆட்டி ஆட்டி, விடு விடு என்கிறாள். அவர் கேட்டார்: "கையக் காட்டி விடச் சொல்லுத மாதிரில்லா இருக்கு?"

"டாட்டா காட்டுதா. நேரமாச்சாம்."

நம்பினார்.

ஜூன் 18, செவ்வாய்

ஊரில் ஆனித் தேர்ச் சமயம். நெல்லையப்பன் போனில் தேர் வீடியோ காட்டினான். ஒரு வருஷம்கூட வடம் பிடிக்காமல் இருந்ததில்லை இவர். பார்த்துக்கொண்டே இருந்தவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "நான் நடந்துருவேம்லா, பிரமு?" என்றார். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். நினைவில்லை.

நடப்பீங்க என்றேன். கத்தரிக்காய் பொரியல், ரசம். சுகந்திக்கு ரசம் பிடித்துவிட்டது, டம்ளரில் வாங்கிக் குடிக்கிறாள்.

ஜூன் 20, வியாழன்

டெனிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். ஏன் விட மாட்டேன் என்கிறார்? பயமா?

ஆமாம், பயம் என்றேன்.

அவள் குறித்துக்கொண்டாள்.

ஜூன் 23, ஞாயிறு

மதியம் சாப்பிடும்போது நெல்லையப்பன் கயத்தாறு கதையை எடுத்தான். எங்கள் வீட்டில் வருஷத்துக்கு நாலு தடவை ஓடுகிற கதை. சுகந்தி புதிதாகக் கேட்பதுபோல் சிரித்தாள்.

தொண்ணூற்று இரண்டில் மதுரைக்கு ஒரு கல்யாணம். பஸ் ஸ்டாண்டில் இவர் வழக்கம்போல் முன்னால் போகிறார், இரண்டு வயது நெல்லையப்பனை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் பின்னால். செருப்பு வார் அறுந்துவிட்டது. குனிந்தேன். நிமிர்ந்து பார்த்தால் ஆளைக் காணோம். இவர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, பஸ்ஸும் போய்விட்டது. கயத்தாறு வந்ததும் கண்டக்டர், "என்னண்ணே, மைனி வரலையா?" என்று கேட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தாராம். முப்பது கிலோமீட்டர்! எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பாகத்தான் சொல்லிப் பழகிவிட்டது.

முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டினவர். பஸ்ஸில் பின்னால் பார்க்கக் கண்ணாடி இருக்கும். தெருவில் நடக்கும்போது அது கிடையாது. நான் வருகிறேனா என்று அவர் பார்த்ததே இல்லை. வேகமாக நடப்பார், நான் ஓட்டமும் நடையுமாகப் போவேன். இதில் என்ன குறை, எல்லா வீட்டிலும் அப்படித்தான். அவர் முதுகை வைத்தே அவர் கோபமாக இருக்கிறாரா இல்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியும்.

அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் இரண்டே கால் மணி நேரம் நின்றேன். பிள்ளை பசிக்கு அழுதது. ஒற்றைச் செருப்பு. இதைக் கதையில் யாரும் சொல்வதில்லை.

ஜூன் 26, புதன்

மழை. போகவில்லை.

ஜூன் 28, வெள்ளி

இன்று நீரூற்றில் பாட்டுப் போட்டு, அதற்கேற்பத் தண்ணீரை ஆட விட்டார்கள். இரண்டு பேரும் கல் திட்டில் உட்கார்ந்து பார்த்தோம். தூவானம் மேலே பட்டது. தன் துண்டை எடுத்து என் தலையில் போட்டார். ஒரு கையால் போட்டதால் மூக்கை மூடிவிட்டது. "மூச்சு முட்டுது" என்றேன். சரி செய்தார்.

இந்த ஊரில் இன்னும் இரண்டு மாதம் இருந்தால் என்ன என்று தோன்றியது.

ஜூலை 1, திங்கள்

நெல்லையப்பன் ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்தான். என்னை அடுக்களைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினான்.

"ஏம்மா, டெனிஸ் ரிப்போர்ட் அனுப்பியிருக்கா. அப்பாவுக்கு முன்னேற்றம் இல்லையாம். தனியா நடக்கப் பயப்படுதாராம். அப்படின்னா இனி ட்ரெயினிங் குடுத்துப் பிரயோஜனம் இல்ல, நிப்பாட்டிருவாங்க. அடுத்த திங்கக்கிழமை கடைசியா ஒரு தடவ வந்து பாப்பா. வீல்சேருக்கு எழுதிட்டா."

"நல்லாத்தானப்பா நடக்காரு."

"நீ பிடிச்சா நடக்காரு. அது நடையில்லைன்னு டெனிஸ் சொல்லுதா."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. துடைத்தேன்.

ஜூலை 2, செவ்வாய்

வீல்சேர் வந்துவிட்டது. கறுப்பு. ஹாலில் சோபா பக்கத்தில் நிறுத்தியிருக்கிறது. அவர் அதைப் பார்த்தார், யாருக்கு என்று கேட்கவில்லை.

மத்தியானம் சாப்பிடவில்லை. ராத்திரியும் வேண்டாம் என்றார்.

ஜூலை 3, புதன்

பூங்காவுக்குப் போவோமா என்றேன். "என்னத்துக்கு?" என்றார்.

ஜூலை 4, வியாழன்

இந்த ஊர்க்காரர்களுக்குச் சுதந்திர தினம். வெளியே வெடிச் சத்தம். பாதி இட்லி சாப்பிட்டார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ஒனக்கும் சள்ளதான், பிரமு. இனி தள்ளிக்கிட்டே திரியணும்."

நான் பாவி. இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.

ஜூலை 5, வெள்ளி

டெனிஸுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். கையை விடச் சொன்னதை விடாதே என்று மாற்றிச் சொன்னதை, டாட்டாவை, பயம் என்று நான் சொன்ன பொய்யை, எல்லாவற்றையும்.

லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு, நீ செய்தது தப்பு, பெரிய தப்பு என்றாள். தெரியும் என்றேன். ஏன் செய்தாய் என்றாள். அதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? முப்பத்தாறு வருஷமாக ஒரு முதுகைப் பார்த்துக்கொண்டு நடந்தேன் என்று சொன்னேன். அவளுக்கு விளங்கியதோ என்னவோ. திங்கட்கிழமை வருவேன், நூறு எட்டு தனியாக நடந்தால் ரிப்போர்ட்டை மாற்றுவேன், ஆனால் அவரிடம் நீயேதான் சொல்ல வேண்டும், எனக்காக அல்ல, அவருக்காக என்றாள்.

முப்பது வருஷ வேலையில் ஒரு வார்த்தை மாற்றாதவள் என்று பெருமையடித்து இந்த டைரியில்தான் எழுதியிருக்கிறேன்.

ஜூலை 7, ஞாயிறு

நேற்று சொல்லவில்லை. தைரியம் வரவில்லை. இன்று சாயங்காலம், நானும் வருகிறேன் என்ற நெல்லையப்பனை வேண்டாம் என்று நிறுத்திவிட்டு, சண்டை போட்டு இவரைக் கிளப்பினேன். கைபிடித்துத்தான் போனோம். நீரூற்றுக்கு இந்தப் பக்கம் மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்தோம். ஞாயிற்றுக்கிழமை, நல்ல கூட்டம்.

"ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன். "டெனிஸ் என் கையப் பிடிச்சு நடக்கச் சொல்லல. விடச் சொன்னா. ஒங்களுக்குக் கால் பலமாயிட்டாம். கம்பு போதுமாம்."

"எப்பச் சொன்னா?"

"இருபத்தி நாலு நாளா சொல்லுதா."

அவருக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது முகம் சிவந்தது.

"ஒனக்குக் கோட்டி பிடிச்சிருக்கா? ஏளா, வீட்டுல வண்டி வந்து நிக்கி! சாப்புட முடியாம கெடக்கேன் நான். பாத்துக்கிட்டுதான இருந்த? எதுக்குச் செஞ்ச?"

பக்கத்துப் பெஞ்சில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆனாலும் சொன்னேன், இனி ஒளித்து என்ன ஆகப்போகிறது.

"நீங்க நடந்தா முன்னால போயிருவீங்க. கல்யாணம் ஆனதுலேருந்து இந்த ஒரு மாசந்தான் நான் ஒங்க கூட நடந்திருக்கேன்."

அவர் கம்பை ஊன்றினார். பெஞ்சின் விளிம்பில் வந்து, குனிந்து, எழுந்தார். தானாக. பிடிக்க என் கை நீண்டுவிட்டது, தட்டிவிட்டார். பிறகு நடந்தார்.

கோபம்தான் நடத்தியது. கம்பு, இடது கால், வலது கால். இடது காலைக் கொஞ்சம் சுற்றிப் போடுகிறார், ஆனால் போடுகிறார். நான் எண்ணினேன். பத்து. இருபது. பெயர்களையெல்லாம் மிதித்துக்கொண்டு போகிறார். முப்பது. பிள்ளைகள் குறுக்கே ஓடின, நின்றார், மறுபடி நடந்தார். அதே முதுகு. கோபமாக இருக்கிற முதுகு. என் கால் தன்னால் எழுந்து பின்னால் ஓடப் பார்த்தது. இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். விழுந்துவிடுவாரோ என்று ஒரு பக்கம் உயிர் போகிறது. ஆனாலும் போகவில்லை. நான் பின்னால் போனால் அவர் அப்படியே போய்க்கொண்டே இருப்பார். எனக்குத் தெரியும்.

நாற்பத்தாறாவது எட்டில், நீரூற்றுக்கு அந்தப் பக்கம், நின்றார். அங்கேயும் ஒரு பெஞ்சு காலியாக இருந்தது. உட்காரவில்லை. எதையோ சொல்லிக்கொண்டிருந்தார், வாய் அசைவது பக்கவாட்டில் தெரிந்தது. நான் பின்னால் நிற்கிறேன் என்று நினைத்து என்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்! பிறகு பேச்சு நின்றது. பதில் வராததைக் கவனித்திருக்க வேண்டும்.

பக்கவாதக்காரர்களுக்கு நடப்பதைவிடத் திரும்புவதுதான் கஷ்டம். கால் இருக்கிற இடத்திலேயே சின்னச் சின்னதாக எடுத்து வைத்துத் திரும்ப வேண்டும். அவர் திரும்ப ஆரம்பித்தார். கம்பை நகர்த்தினார், காலை நகர்த்தினார், ஆடினார், நின்றார், மறுபடி நகர்த்தினார். ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். முழுசாக என் பக்கம் திரும்பி, கூட்டத்துக்குள் என்னைத் தேடினார். முதலில் பக்கத்தில் தேடினார். பிறகு தூரத்தில். நான் கையைத் தூக்கவில்லை. கண்டுபிடித்துவிட்டார்.

அங்கேயே நின்று "ஏட்டி, வா" என்று கூப்பிடுவார் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. வந்தார். வேர்த்து வழிய, உதட்டைக் கடித்துக்கொண்டு, அவ்வளவு தூரமும் நடந்து என்னிடம் வந்தார். போனது நாற்பத்தாறு எட்டு. வந்ததை எண்ணவில்லை, அழுதுகொண்டிருந்தேன்.

பொத்தென்று உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. தண்ணீர் கொடுத்தேன், குடித்தார்.

"ஏன் வரல?"

"வந்திருந்தா திரும்பிப் பாத்திருக்க மாட்டீங்க."

தண்ணீரில் விளையாடுகிற பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஆமா" என்றார். கோபமாகச் சொன்னாரா, வேறெப்படியாவது சொன்னாரா என்று அவர் முகத்தை வைத்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முகம் பழக்கமில்லை.

வீட்டுக்கு வந்து நாலு இட்லி சாப்பிட்டார். என்னோடு பேசவில்லை.

ஜூலை 8, திங்கள்

டெனிஸ் வந்தாள். பூங்காவில் அவருக்குப் பின்னால் நடந்துகொண்டே எண்ணினாள். நூற்றுப் பன்னிரண்டு. என் தோளைத் தட்டினாள், என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. இனி எதையும் என்னிடம் சொல்லாமல் நெல்லையப்பனுக்கு எழுதிவிடுகிறாளாம். சரிதான். எனக்கு அது வேண்டியதுதான்.

வீல்சேரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆகஸ்டு இருபதுக்கு டிக்கெட் பார்க்கிறான் நெல்லையப்பன்.

டெனிஸ் அப்படியே கிளம்பிப் போனாள். நாங்கள் இருவரும் வீட்டுக்குத் திரும்பினோம். கையை நான் பிடிக்கவில்லை, அவரும் நீட்டவில்லை. பூங்கா வாசலைத் தாண்டியதுமே மூன்று எட்டு முன்னால் போய்விட்டார். முப்பத்தாறு வருஷப் பழக்கம், ஒரே நாளில் எங்கே போகும்? பேசாமல் பின்னால் நடந்தேன். அழுகை வரவில்லை, அலுப்பாக இருந்தது.

தெருமுனை சிக்னலில் நின்றார். நில் என்று சிவப்புக் கை எரிந்துகொண்டிருந்தது. நான் போய்ப் பக்கத்தில் நிற்காமல் பின்னாலேயே நின்றேன், வேண்டுமென்றேதான். நடக்கலாம் என்று வெள்ளை உருவம் விழுந்தது. கூட நின்றவர்கள் எல்லோரும் கடந்து போனார்கள். அவர் போகவில்லை. மறுபடி சிவப்பு. மறுபடி வெள்ளை. அப்போதும் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றுகொண்டுதான் இருந்தார்.